ஆயாவின் பாலில் விஷமில்லை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பழைய கடன் ஒன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவர், காலில் ஆணி ஏறிய படத்தைப் போட்டு, “ஊசி போட்டாச்சு சார், வாய் பூட்டாது” என்று எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே மாணவர் 1994-இல், கடலூரில் நான் பிளஸ் ஒன் வகுப்புக்கு விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று கேட்டார்: “சார், ஆணி குத்துறது கால்ல. வாய் ஏன் சார் பூட்டிக்குது?”

“கிருமியின் நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. பரீட்சைக்கு இது போதும், உட்கார்” என்றேன். அவரும் உட்கார்ந்துவிட்டார். உண்மை என்னவென்றால் எனக்கே அதற்கு மேல் தெரியாது. அந்தக் கேள்விக்கான பதில் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1992-இல், அச்சில் வந்துவிட்டது என்பதும் தெரியாது. அது பாடப்புத்தகத்துக்குள் வரவில்லை, நானும் தேடவில்லை.

நான் தேடாமல் விட்டதில் இன்னொருவர் கணக்கும் இருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

எங்கள் ஆயாவை, அதாவது அப்பாவைப் பெற்றவரை, உறவினர்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, புவனகிரிப் பக்கம் ஒரு கிராமம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், “பெத்தது எட்டு, மண்ணுக்கு மூணு, மடிக்கு அஞ்சு” என்பார். அந்த மூன்றில் இரண்டு 1930-களில் போனவை, ஒன்று 1941-இல். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கிற நாள் வரை எதுவும் இருக்கவில்லை.

மூன்றும் போன விதம் ஒன்றுதான். பிறந்தபோது நன்றாக அழுதன, முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்தன. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மார்பில் வாய் வைக்க முடியாமல் போனது. தாடை இறுகிவிட்டது. உடம்பு கட்டை போல விறைத்தது. கதவு சத்தம் கேட்டாலும் முதுகு வில்லாக வளைந்தது. ஒன்பது நாள் தாண்டவில்லை.

பிள்ளை பால் குடிக்காமல் செத்ததால் பழி பாலின் மேல் விழுந்தது. “உன் பால்ல விஷம் இருக்குது” என்று மாமியார் சொன்னாராம். அடுத்த பிள்ளைக்கு முதல் வாரம் வேறொருத்தியின் பாலைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது, அதனால் பழி உறுதியாகிவிட்டது. ஆயா கடைசி வரை அதை நம்பினார். பேரப்பிள்ளைகள் பிறந்தால் ஒரு மாதம் கழித்துத்தான் கையில் வாங்குவார். என் மகள் பிறந்தபோதும் அப்படித்தான், வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். 1987-இல் காலமானார்.

அப்போது எனக்கு ஆசிரியர் பணியில் பத்து வருஷத்துக்கு மேல். ரண ஜன்னி என்று நாம் சொல்லும் டெட்டனஸ் பாடத்தை எத்தனையோ முறை நடத்திவிட்டேன். பச்சைக் குழந்தைக்கு வரும் டெட்டனஸை அடையாளம் காண மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கணம் இதுதான்: முதல் இரண்டு நாள் சரியாக அழும், பால் குடிக்கும், 3-ஆம் நாளுக்கும் 28-ஆம் நாளுக்கும் இடையில் குடிக்க முடியாமல் போகும், உடம்பு விறைக்கும், வலிப்பு வரும். ஆயா வாயால் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். ஆனால் பாடம் பள்ளியில் இருந்தது, ஆயா வீட்டில் இருந்தார். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில், ஆணியின் துருவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. கிருமி இருப்பது மண்ணில், மாட்டுச் சாணத்தில், குதிரைச் சாணத்தில். 1884-இல் இத்தாலியின் டூரின் நகரில் கார்லே, ரட்டோனே என்ற இருவர், இந்நோயால் இறந்த ஒருவரின் புண்ணிலிருந்து சீழை எடுத்து முயல்களுக்குச் செலுத்தி நோயை வரவழைத்தார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் நிக்கோலையர் என்பவர் வெறும் தோட்ட மண்ணைக் கொண்டே விலங்குகளுக்கு இந்நோயை உண்டாக்கினார். 1889-இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜப்பானியர் கிட்டசாட்டோ கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். காற்றுப் பட்டால் வளராத கிருமி அது. ஆழமான குத்துக் காயமும், சாணமோ சாம்பலோ வைத்து மூடிய தொப்புள்கொடியும் அதற்குத் தோதான இடங்கள். 1890-இல் கிட்டசாட்டோவும் பெரிங்கும் சேர்ந்து, நஞ்சைத் தாங்கப் பழகிய விலங்கின் ரத்தத்தில் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். 1924 வாக்கில் பிரான்சில், நஞ்சை ஃபார்மலின் கொண்டு பதப்படுத்தி, கொல்லும் குணம் போய் காக்கும் குணம் மட்டும் நிற்கும்படிச் செய்தார்கள். நாம் டிடி ஊசி என்கிறோமே, அதன் பிறப்பு அங்கேதான்.

இந்த வருஷங்களை ஆயாவின் வருஷங்களோடு சேர்த்துப் பாருங்கள். முதல் பிள்ளை போனபோதே மருந்து உலகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் தன் வீரர்கள் எல்லோருக்கும் அமெரிக்கா இந்த ஊசியைப் போட்டது. போர் முடியும் வரை அந்தப் படை முழுவதிலும் டெட்டனஸ் கண்டவர்கள் வெறும் 12 பேர். அதே 1941-இல் புவனகிரிப் பக்கத்தில் ஒரு தாயின் பாலை விஷம் என்றார்கள்.

சரி, காலில் குத்தினால் வாய் ஏன் பூட்டிக்கொள்கிறது? அதற்கு நம் செல்லுக்குள் நடக்கும் ஒரு சரக்குப் போக்குவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நரம்பு செல் அடுத்ததோடு பேசுவது ரசாயனத்தால். அந்த ரசாயனம் நரம்பு முனையில் சிறு சிறு பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். நுண்பை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பையின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். உத்தரவு வந்ததும் பை செல்லின் விளிம்புக்கு வந்து, விளிம்போடு ஒட்டி, உடைந்து, சரக்கை வெளியே கொட்ட வேண்டும்.

கடலூர் துறைமுகத்தில் படகு கரை சேர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா அருகில் வந்து நின்றால் சரக்கு இறங்காது. கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். பையின் மேல் இருக்கும் கயிறுதான் இன்றைய கதாநாயகன்: சினாப்டோபிரெவின் என்ற புரதம். ‘பிரெவின்’ என்ற பகுதிக்குக் குட்டையானது என்று பொருள். நரம்பு முனைகளில் அதிகம் இருக்கும் வகைக்கு 116 அமினோ அமிலம்தான் நீளம். கரைப் பக்கம், அதாவது செல்லின் விளிம்பில், சின்டாக்சின், ஸ்நாப்-25 என்று இரண்டு புரதங்கள். சினாப்டோபிரெவின் ஒரு புரி, சின்டாக்சின் ஒரு புரி, ஸ்நாப்-25 இரண்டு புரி. நான்கும் சேர்ந்து கயிறு திரிப்பது போல முறுக்கிக்கொள்ளும். முறுக்கு ஏற ஏற, பை விளிம்போடு இழுபட்டு ஒன்றாகிவிடும். சரக்கு இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட புரதங்களைக் கட்டித் தருவது ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-இல் பிறந்தது நம் சிதம்பரத்தில். இதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சினாப்டோபிரெவின் குடும்பத்தை முதலில் கண்டது எதில் தெரியுமா? திருக்கையில். மின்சாரம் பாய்ச்சும் திருக்கை இனத்தில், அந்த மின் உறுப்பு முழுக்க நரம்பு முனைகள் மண்டிக் கிடக்கும். நுண்பைகளைச் சேகரிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. 1988-இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஒரு மீனிலிருந்து இதை அடையாளம் கண்டார்கள். நம் கடலிலும் இந்த இனம் உண்டு. அதில் ஒன்றுக்கு 1801-இலேயே தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மீனை வைத்து அறிவியல் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில் வலையில் வந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்து முழங்கை வரை மரத்துப்போய் நின்றவன் நான். அதற்குள் ஆயாவுக்கான பதில் இருந்தது என்று அன்று யாருக்கும் தெரியாது.

இப்போது நஞ்சின் பயணம். காயம் பட்ட இடத்தில் கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்குகிறது. நஞ்சு அருகிலுள்ள தசை நரம்பின் நுனியில் நுழைகிறது. எப்படி? சரக்கு வைத்த நுண்பையில் அல்ல, செல் வெளியிலிருந்து உள்ளிழுக்கும் வேறொரு வகைப் பைக்குள் ஏறிக்கொண்டுதான். நரம்பு வழியாக மேல்நோக்கிப் போய்த் தண்டுவடத்தை அடைகிறது. அங்கே இன்னொரு நரம்பு செல்லுக்குத் தாவுகிறது. அந்தச் செல்லின் வேலை ‘நிறுத்து’ என்று சொல்வது.

கையை மடக்கிப் பாருங்கள். முன்பக்கத் தசை இழுக்கிறது, அதே நேரம் பின்பக்கத் தசை விட்டுக்கொடுக்கிறது. அந்த விட்டுக்கொடுத்தல் தானாக நடப்பதில்லை. ‘நிறுத்து’ நரம்பு தன் பைகளிலிருந்து கிளைசின், காபா என்ற ரசாயனங்களை இறக்கினால்தான் நடக்கும். டெட்டனஸ் நஞ்சு போய் அந்தப் பைகளின் கயிற்றை அறுக்கிறது. 1992-இல் இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் ஸ்கியாவோ, மோன்டெகுக்கோ குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். நஞ்சு என்பது உண்மையில் துத்தநாகம் பொதிந்த ஒரு கத்தரிக்கோல். அது சினாப்டோபிரெவினில் 76-ஆவது அமினோ அமிலத்துக்கும் 77-ஆவதற்கும் நடுவில் வெட்டுகிறது. அந்த ஒரே இடத்தில்தான் வெட்டுகிறது. வெட்டிய பிறகு கத்தரி மழுங்குவதில்லை, அடுத்த கயிற்றுக்குப் போகிறது.

‘நிறுத்து’ என்ற சொல் வராவிட்டால் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இழுக்கும். எது பலமானதோ அது ஜெயிக்கும். தாடையில் மூடும் தசைகள் திறப்பதைவிடப் பலமானவை, அதனால் வாய் பூட்டிக்கொள்கிறது. முதுகுத் தசை வயிற்றுத் தசையைவிடப் பலமானது, அதனால் உடம்பு பின்னோக்கி வில்லாகிறது. சின்னச் சத்தம்கூட வலிப்பைத் தூண்டிவிடும், அதனால்தான் இந்த நோயாளிகளை இருட்டறையில் அமைதியாக வைத்திருப்பார்கள். மனிதனைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 2.5 நானோகிராம் நஞ்சு போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று கிலோ குழந்தைக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அகப்படாத அளவு. அளவு இவ்வளவு குறைவாக இருப்பதால், நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. அவரும் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்கு இது தெரியவந்தது 2013-இல், ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து. அந்த வருஷ மருத்துவ நோபல் பரிசு நுண்பைப் போக்குவரத்துக்கு. ராண்டி ஷெக்மன் என்பவர் ஈஸ்டைக் கொண்டு இந்தப் போக்குவரத்துக்கான ஜீன்களைக் கண்டவர். ஜேம்ஸ் ராத்மன் பையும் விளிம்பும் பொருந்தும் முறையைக் கண்டவர். தாமஸ் சூடாஃப் நரம்பில் அது நொடியின் சிறு பகுதிக்குள் நடக்கும் விதத்தைக் கண்டவர். செய்தியைப் படித்துக்கொண்டே போகையில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 1993-இல் ராத்மன் குழு மாட்டு மூளையிலிருந்து இந்தக் கயிற்றுப் புரதங்களைச் சேர்த்து எடுத்தபோது, இவைதான் பையைக் கட்டுகின்றன என்று நம்புவதற்கு வலுவான காரணம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. டெட்டனஸ் நஞ்சு அவற்றில் ஒன்றை அறுத்தால் சரக்கு இறங்குவது நின்றுபோகிறது என்பதே அது. எங்கள் ஆயாவின் மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோன அதே வெட்டு, இங்கே சாட்சியாக வந்து நிற்கிறது.

அன்று மாலை மொட்டை மாடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பாலில் விஷமில்லை. பிள்ளை பாலை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. பசியோடுதான் இருந்திருக்கும். அடுத்த பிள்ளை பிழைத்ததற்கு வேறொருத்தியின் பால் காரணமல்ல, அந்தப் பிரசவத்தில் கொடியை அறுத்தது எதுவோ அதில் கிருமி இல்லை, அவ்வளவுதான்.

மருத்துவச்சியின் மேலும் பழி போடாதீர்கள். இரவில் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய், கிடைத்த அரிவாளால் கொடி அறுத்து, ரத்தம் நிற்கச் சாம்பல் வைத்தவர் அவர். வேறு வழி சொல்லிக்கொடுக்க யாரும் அந்தத் தெருவுக்கு வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். குழந்தைகளைக் காப்பாற்ற 1992-இன் கண்டுபிடிப்பு தேவைப்படவில்லை. எந்தப் புரதம், எந்த இடத்தில் வெட்டு என்று தெரியாமலேயே தடுப்பூசி வேலை செய்தது. கர்ப்பிணிக்குப் போட்டால் தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்து காக்கும் என்பதை 1961-இல் நியூகினியில் நடந்த ஆய்வு காட்டிவிட்டது. அதன் பிறகும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 1988 என்ற ஒரே வருஷத்தில் உலகில் 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இந்நோயால் இறந்தன. விஞ்ஞானம் வந்துவிட்டது, ஊசி வந்து சேரவில்லை.

நம் நாட்டில் 1978-இல் விரிவான தடுப்பூசித் திட்டம், 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம். அதைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது நர்ஸம்மாக்கள். ஐஸ் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரப்பில் நடந்து, நாற்று நடும் பெண்களிடம் எத்தனை மாதம் என்று கேட்டு ஊசி போட்டவர்கள். சுத்தமான கை, சுத்தமான இடம், புது பிளேடு, சுத்தமான நூல், கொடியில் எதுவும் தடவாமை என்று வீடு வீடாகச் சொன்னவர்கள். பிறகு ஆஸ்பத்திரிப் பிரசவம் வழக்கமானது. மாவட்டம் ஒவ்வொன்றிலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற நிலையை எட்டியதால், 2015-இல் இந்தியாவில் பச்சிளம் குழந்தை டெட்டனஸ் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். பத்திரிகையில் சிறு செய்தியாகத்தான் பார்த்தேன். பட்டாசு வெடித்திருக்க வேண்டிய நாள். நம் மாணவிகளில் சிலர் இன்று செவிலியர்கள். உங்களுக்குத்தான் இந்தப் பதிவின் முதல் நன்றி.

ஒழிந்தது என்றால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அம்மை போனது போல இது போகாது. மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோயல்ல, மண்ணிலேயே கிடப்பது. ஊசியை நிறுத்தினால் திரும்பி வரும். குழந்தைகளுக்குத் தவறாமல் போடுகிறோம், பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறார்கள். ஆனால் கழனியில் இறங்கும் உங்கள் அப்பா, மாட்டுக்கொட்டகை கூட்டும் உங்கள் அம்மா கடைசியாக எப்போது போட்டார்கள்? அதன் காப்பு சுமார் பத்து வருஷம்தான். காயம் பட்டால் மஞ்சளோ காப்பித்தூளோ சாணமோ வைக்காமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்ட மாணவருக்கு: முப்பது வருஷம் தாமதமாகப் பதில் சொல்கிறேன். வகுப்பில் “போதும், உட்கார்” என்று சொன்னதற்கு வருந்துகிறேன். அன்று “எனக்குத் தெரியாது, தேடிச் சொல்கிறேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆயாவிடம் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் நம் குடும்பங்களில், பெயர் வைக்காத பிள்ளைகளைப் பறிகொடுத்து, யாரோ சொன்ன பழியைச் சுமந்துகொண்டிருக்கும் கிழவிகள் இன்னும் இருப்பார்கள். தொண்ணூறு வயதிலும் அது ஆறியிருக்காது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் எப்படிப் போயின என்று கேளுங்கள். இரண்டு நாள் பால் குடித்துப் பிறகு வாய் பூட்டிக்கொண்டது என்று சொன்னால், சினாப்டோபிரெவின் கதையெல்லாம் வேண்டாம். “அது ரண ஜன்னி ஆயா. மண்ணுல இருந்த கிருமி. உன் மேல ஒரு குத்தமும் இல்ல” என்று சொல்லுங்கள். அது போதும்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்